காசு கொடுக்காமல் ஆடத் தகுந்த கணினி விளையாட்டுகள்: தேடுவது முதல் நிறுவுவது வரை

சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவையும் நேரம் ஒதுக்கி ஆடத் தகுந்தவையுமான கணினி விளையாட்டுகளுக்கு இன்று குறைவில்லை. ஆனால் தேடுபொறியில் ‘ஃப்ரீ கேம் டவுன்லோடு’ என்று தட்டிப் பார்க்கும் புதியவர் முன் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் திருட்டுப் பிரதிகளை அடுக்கி வைத்திருக்கும் தளங்களும், நான்கைந்து போலிப் பொத்தான்களுக்கு நடுவே உண்மையான பொத்தானை ஒளித்து வைக்கும் விளம்பரப் பக்கங்களும்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியையும் சுமாரான இணைய இணைப்பையும் வைத்துக்கொண்டு, வீட்டுப் பிள்ளைகளுக்கும் எனக்குமாக விளையாட்டுகளைத் தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை, அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இங்கே வரிசைப்படுத்துகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பதிவிறக்கப் பொத்தானை அழுத்துவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். அதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றுக்குப் பணமும் தேவையில்லை, டேட்டாவும் பெரிதாகச் செலவாகாது.

1. உங்கள் கணினி எதைத் தாங்கும் என்று பாருங்கள்

விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போனால், ப்ராசஸரின் பெயர், ரேமின் அளவு, கிராஃபிக்ஸ் எது என்ற மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். இவற்றோடு வட்டில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் கீழ்ப்பகுதியில் குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கப்படும் தேவை என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். குறைந்தபட்சத் தேவையை மட்டும் எட்டும் கணினியில் விளையாட்டு திறக்கும், படம் மங்கலாகவும் அசைவு விட்டுவிட்டும் ஓடும். ஆகவே உங்கள் தாளில் உள்ளதைப் பரிந்துரைக்கப்படும் தேவையோடுதான் ஒப்பிட வேண்டும்.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7, விண்டோஸ் 8 ஆகியவற்றுக்கான ஆதரவை, கணினி விளையாட்டுகளுக்கான இணையக் கடையான ஸ்டீம் 2024 ஜனவரி 1 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் விளையாட்டுகள் ஓடும் என்றாலும், அறிமுகமில்லாத கோப்புகளை இறக்கிப் பார்க்கும் கணினியாக அதை வைத்துக்கொள்வது நல்லதல்ல.

2. கணக்குக்குத் தேவையானவை, தேவையில்லாதவை

விளையாட்டுகளுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தொடங்குங்கள். வங்கிக்கும் அலுவலகத்துக்கும் பயன்படும் முகவரியை இங்கே கொடுத்தால், விளம்பரக் கடிதங்கள் ஒருபுறம் குவிய, ஏதேனும் ஒரு கடையிலிருந்து பயனர் விவரங்கள் கசியும்போது முக்கியமான கணக்குகளும் குறிவைக்கப்படும். ஒவ்வொரு கடைக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைப்பதும், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டை உறுதிப்பாட்டை முதல் நாளே இயக்குவதும், அப்போது கொடுக்கப்படும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைப்பதும் அவசியம். கைபேசியை மாற்றிய பிறகு கணக்குக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போட்டவர்களே.

ஸ்டீம், எபிக், ஜிஓஜி, இட்ச் ஆகிய நான்கு விளையாட்டுக் கடைகளிலும் கணக்குத் தொடங்க மின்னஞ்சல் போதும். பிறந்த தேதியையும் சில இடங்களில் கேட்பார்கள். இலவச விளையாட்டைப் பெற்றுக்கொள்ள இந்த நான்கில் எதிலும் வங்கி அட்டையைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆதார், பான், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை இலவச விளையாட்டுக்காக எவராவது கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெளியேறுங்கள். பிறந்த தேதியைக் கொடுக்கும்போது உண்மையையே கொடுங்கள். பிற்காலத்தில் கணக்கை மீட்க வேண்டி வந்தால் அது உதவும். ஸ்டீமின் விதிப்படி கணக்கு வைத்திருப்பவருக்கு 13 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

ஸ்டீமில் 5 டாலர் மதிப்புக்காவது எதையேனும் வாங்கும் வரை உங்கள் கணக்கு வரையறுக்கப்பட்ட கணக்காகவே இருக்கும். இலவச விளையாட்டுகளை ஆடுவதற்கு இதனால் தடையில்லை. ஆனால் நண்பர் அழைப்பு அனுப்புவது போன்ற சில வசதிகள் கிடைக்காது. உங்கள் நண்பர் ஏற்கெனவே அங்கே பணம் செலவழித்தவராக இருந்தால், அழைப்பை அவரை அனுப்பச் சொல்லி நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

3. யார் செலவில் இலவசம் என்று பிரித்துப் பாருங்கள்

ஒரு விளையாட்டை எழுதவும் பராமரிக்கவும் யாரோ ஒருவர் செலவு செய்கிறார். அந்தச் செலவு எங்கிருந்து ஈடுகட்டப்படுகிறது என்பதைப் பார்த்தாலே, அந்த விளையாட்டு உங்களை எப்படி நடத்தும் என்பது பாதி தெரிந்துவிடும்.

தன்னார்வலர்கள் கூடி எழுதும், நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் விளையாட்டுகளில் விற்பதற்கு எதுவும் இருக்காது, விளம்பரமும் இருக்காது. படைப்பாளியே முழுமையாக இலவசமாக விட்ட விளையாட்டுகள் அடுத்த வகை. ஜப்பானைச் சேர்ந்த அமயா என்ற ஒற்றை மனிதர் எழுதி 2004-இல் வெளியிட்ட ‘கேவ் ஸ்டோரி’யின் முதல் வடிவம் இந்த வகையில் சேரும். 1994-இல் விலைக்கு வந்து 2003-இல் இலவசமாக்கப்பட்ட ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’யும் அப்படியே. இருவர் சேர்ந்து பேசிக்கொண்டே புதிர்களை விடுவிக்கும் ‘வீ வேர் ஹியர்’ வரிசையில் முதல் பாகம் இலவசம், அடுத்த பாகங்கள் விலைக்கு. ஆசை காட்டி இழுப்பதுதான் என்றாலும், கொடுத்த பாகம் முழுமையாக இருப்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது வகையே பெரும் கூட்டம் ஆடுவது: நுழைவு இலவசம், உள்ளே கடை. இதற்குள்ளும் வேறுபாடு உண்டு. டோட்டா 2-இல் எல்லா வீரப் பாத்திரங்களும் முதல் நாளிலிருந்தே கிடைக்கின்றன. விற்கப்படுபவை பெரும்பாலும் உடையும் அலங்காரமும். வார்ஃப்ரேமில் காசுக்கு விற்கப்படும் உள்நாணயத்தை, நீங்கள் சேர்த்த பொருட்களை மற்ற ஆட்டக்காரர்களுக்கு விற்றும் பெறலாம். பாத் ஆஃப் எக்ஸைலில் ஆட்டத்தின் உள்ளடக்கம் முழுவதும் இலவசம்; ஆனால் நீண்ட நாள் ஆடுபவர்கள் பொருட்களை அடுக்கி வைக்கும் கூடுதல் அறைகளை வாங்காமல் சமாளிப்பது கடினம். 2022 அக்டோபர் முதல் சிம்ஸ் 4-இன் அடிப்படை விளையாட்டு இலவசம். அதற்கான கூடுதல் தொகுப்புகளின் விலையை ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

நான்காவது, கடைகள் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் இலவசமாகத் தரும் விலையுள்ள விளையாட்டுகள். அந்த நாட்களுக்குள் பெற்றுக்கொண்டால் அவை உங்கள் கணக்கிலேயே தங்கிவிடும். இவற்றோடு ‘ஃப்ரீ வீக்கெண்ட்’ என்று வருவதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அது வார இறுதியில் ஆடிப் பார்க்க மட்டும், திங்கள்கிழமை வாக்கில் பூட்டிவிடுவார்கள். பெரிய விளையாட்டு ஒன்றை அப்படிப்பட்ட வார இறுதிக்காக இறக்கத் தொடங்கினால், இறக்கி முடிக்கும்போது வார இறுதியும் முடிந்திருக்கும்.

டெமோ, ‘ப்ரோலாக்’ ஆகியவை முழு விளையாட்டின் ஒரு துண்டு. துண்டு என்று தெரிந்தே ஆடினால் ஏமாற்றம் இல்லை.

புதியவர்கள் கட்டற்ற விளையாட்டுகளிலும் நான்காவது வகையிலும் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. உள்ளே கடை வைத்திருக்கும் விளையாட்டுகள் தினமும் வந்து தலைகாட்டச் செய்யும் விதத்தில் அமைக்கப்பட்டவை. அவற்றில் முதலில் கால் வைத்தவர்களுக்கு மற்ற எல்லாம் மந்தமாகத் தோன்றும்.

4. எந்தக் கதவைத் தட்டுவது

முதலில் கட்டற்ற விளையாட்டுகள். இவற்றை அந்தந்த விளையாட்டின் அதிகாரபூர்வ தளத்திலிருந்தே இறக்க வேண்டும். முறைவைத்து ஆடும் போர்த் தந்திர விளையாட்டு பிடிக்கும் என்றால் ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’. படை திரட்டி ஊர் கட்டிப் போரிடும் வகை பிடிக்கும் என்றால் ‘0 ஏ.டி.’, அதில் ரோமர்களோடும் பாரசீகர்களோடும் மௌரியர்களும் யானைப்படையுடன் இருக்கிறார்கள். பேருந்து, ரயில், கப்பல் தடங்களை அமைத்து நிறுவனம் நடத்தும் ‘ஓப்பன்டிடிடி’ மிகச் சிறியது, எந்தப் பழைய கணினியிலும் ஓடும், அதன் மொழித் தெரிவுகளில் தமிழும் உண்டு. ஒரே கணினியின் திரையைப் பிரித்துக்கொண்டு வீட்டில் பலர் சேர்ந்து ஆட ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ பொருத்தமானது. விடுமுறையில் உறவுக்காரப் பிள்ளைகள் கூடும் வீட்டுக்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

இந்த வகையில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. கட்டற்ற மென்பொருள்கள் பலவும் நிரலாளர்கள் தங்கள் படைப்புகளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வெளியிடப்படுகின்றன. அங்கே ‘ரிலீசஸ்’ பகுதியில் உங்கள் இயங்குதளத்தின் பெயர் உள்ள கோப்பை எடுக்க வேண்டும். ‘சோர்ஸ் கோட்’ என்று எழுதியிருக்கும் தொகுப்பு நிரலாளர்களுக்கானது, அதைத் திறந்தால் ஆடுவதற்கு எதுவும் இருக்காது. ஓப்பன்டிடிடியை முதல்முறை திறக்கும்போது படங்களின் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கச் சொல்லிக் கேட்கும்; ஆகவே முதல் முறை இணைப்போடு திறக்க வேண்டும். மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்து 2024-இல் லுவான்டி என்று பெயர் மாறிய, கட்டங்களை அடுக்கிக் கட்டும் விளையாட்டு, உண்மையில் விளையாட்டுகளை இயக்கும் அடித்தள மென்பொருள் மட்டுமே. அதைத் திறந்து, உள்ளேயே இருக்கும் உள்ளடக்கப் பட்டியலுக்குப் போய், மினிக்குளோனியா போன்ற ஏதாவது ஒரு விளையாட்டை இறக்கினால்தான் ஆட முடியும். ஒன்றுமே இல்லையே என்று அழித்துவிட வேண்டாம்.

அடுத்தது இட்ச்.ஐஓ. 2013 முதல் இயங்கும் இந்தத் தளத்தில் தனி மனிதர்களும் சிறு குழுக்களும் தங்கள் படைப்புகளைத் தாங்களே ஏற்றுகிறார்கள். தேடல் பக்கத்தில் விலை இலவசம், உங்கள் இயங்குதளம், உயர்ந்த மதிப்பீடு என்ற மூன்று வடிகட்டிகளையும் சேர்த்துப் போடுங்கள். போடாவிட்டால் ஒரே இரவில் செய்து எறிந்த முயற்சிகளுக்குள் மூழ்கிவிடுவீர்கள். பல விளையாட்டுகள் ‘விரும்பிய விலை கொடுங்கள்’ என்ற முறையில் இருக்கும். பதிவிறக்கத்தை அழுத்தியதும் பணம் கேட்கும் கட்டம் வரும், அதற்கு மேலேயே பணம் கொடுக்காமல் தொடர்வதற்கான சிறிய இணைப்பும் இருக்கும். அதை அழுத்துவதில் தவறில்லை, படைப்பாளி அதற்குச் சம்மதித்துத்தான் வைத்திருக்கிறார். இணைய உலாவியிலேயே ஆடக்கூடியவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியும் இங்கே உண்டு. எதையும் இறக்காமல் ஒரு விளையாட்டை மதிப்பிட இதைவிட எளிய வழி கிடையாது.

ஒரே விளையாட்டு ஓரிடத்தில் இலவசமாகவும் இன்னோரிடத்தில் விலைக்கும் இருப்பதுண்டு. ‘மின்டஸ்ட்ரி’ இட்ச்சில் இலவசம், ஸ்டீமில் விலைக்கு. ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ அதை எழுதியவர்களின் தளத்தில் எழுத்துகளாலும் குறிகளாலும் ஆன தோற்றத்தோடு இலவசம். படங்களோடு கூடிய வடிவம் 2022 முதல் ஸ்டீமில் விலைக்கு. வாங்குவதற்கு முன் படைப்பாளியின் தளத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஓஜி போலந்து நாட்டு நிறுவனம். இங்கே கிடைக்கும் இலவச விளையாட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் நிறுவுகோப்பைத் தனியாக இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம், நிறுவிய பின் இணையம் இல்லாமலும் ஆடலாம், பூட்டு எதுவும் கிடையாது. விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கும் இணைப்பு நிலையில்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கும் இது பெரிய வசதி. கைவிடப்பட்ட பழைய விளையாட்டு என்ற பெயரில் பல தளங்கள் பழையவற்றை ஏற்றி வைத்திருக்கின்றன. விற்பனையில் இல்லை என்பதாலேயே உரிமை போய்விடாது, எனவே பழைய விளையாட்டு தேவைப்படும்போது முதலில் ஜிஓஜியில் தேடுங்கள்.

ஸ்டீமில் தேடல் பக்கத்தின் விலைக் கோட்டை முழுவதும் இடப்பக்கம் தள்ளினால் இலவசமானவை மட்டும் நிற்கும். பிறகு பயனர் மதிப்பீட்டின்படி வரிசைப்படுத்துங்கள். முகப்பில் தெரியும் விளம்பரப் பலகைகளை நம்பித் தேடுவதைவிட இது பல மடங்கு பலன் தரும். எபிக்கைப் பொறுத்தவரை, வாரந்தோறும் தரப்படும் விளையாட்டுக்காக மட்டும் அங்கே போனால் போதும். அதன் நேரக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

5. இறக்குவதற்கு முன் தரம் பார்க்கும் முறை

ஸ்டீமில் ஒரு விளையாட்டின் மதிப்பீடு 95 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, மதிப்புரைகளும் 500-க்கு மேல் இருந்தால்தான் அதற்கு உச்சப் பட்டம் கிடைக்கும். 80 விழுக்காட்டுக்கு மேல் என்றால் அடுத்த பட்டம். பட்டத்தோடு நின்றுவிடாமல், எதிர்மறை மதிப்புரைகளை முதலில் படியுங்கள். எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்பது பக்கத்திலேயே இருக்கும். பல நூறு மணி நேரம் ஆடிவிட்டு ‘வேண்டாம்’ என்று எழுதுபவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் பணம் பிடுங்கும் ஏற்பாட்டைப் பற்றியதாக இருக்கும். புதியவருக்குத் தெரிய வேண்டியதும் அதுதான். மொத்த மதிப்பீடு நன்றாக இருந்து அண்மைய மதிப்பீடு மட்டும் சரிந்திருந்தால், ஏதோ ஒரு புதுப்பிப்பில் விளையாட்டைக் கெடுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

முன்னோட்டக் காணொளிகளை நம்பாதீர்கள். யாராவது பேசாமல் அரை மணி நேரம் ஆடிக் காட்டும் காணொளியைத் தேடி, நடுவிலிருந்து பத்து நிமிடம் பாருங்கள். நடுப்பகுதி எப்படி இருக்கிறதோ அதுதான் விளையாட்டு.

மற்றவர்களோடு இணையத்தில் ஆடும் விளையாட்டு என்றால் இரண்டைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். இப்போது எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதை ஸ்டீம்டிபி தளம் காட்டும். ஆளில்லாத விளையாட்டை இறக்கிக் காத்திருப்பறையில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. சர்வர் எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது. டோட்டா 2-க்கும் வாலரன்ட்டுக்கும் இந்தியாவிலேயே சர்வர்கள் உண்டு. ஐரோப்பாவில் மட்டும் சர்வர் உள்ள சுடும் விளையாட்டில், நீங்கள் எதிரியைக் கண்ட கணத்தில் அவர் உங்களைச் சுட்டு முடித்திருப்பார்.

பெரிய கடையில் இருப்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். 2025 பிப்ரவரியில் ‘பைரேட்ஃபை’ என்ற இலவச விளையாட்டு ஸ்டீமிலேயே வெளியாகி, அதில் தீம்பொருள் இருப்பது தெரிந்து சில நாட்களில் நீக்கப்பட்டது. அதை நிறுவியவர்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகாத, விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மதிப்புரைகள் உள்ள, வேறு எதையும் வெளியிட்டிராத நிறுவனத்தின் இலவச விளையாட்டை மற்றவர்கள் முதலில் சோதிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

6. டேட்டா, நேரம், இடம்

இலவச விளையாட்டின் உண்மையான செலவு பெரும்பாலும் இங்கேதான். டோட்டா 2-க்கு 60 ஜிபி இடம் வேண்டும், கவுன்டர்ஸ்ட்ரைக் 2-க்கு 85 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தில் 60 ஜிபியை இறக்க, வேறு எதற்கும் டேட்டாவைத் தொடாமல் இருந்தாலும் 40 நாள் ஆகும். நொடிக்கு 40 மெகாபிட் தரும் ஃபைபர் இணைப்பில் அதுவே மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இணைப்பின் வேகம் மெகாபிட்டிலும் கோப்பின் அளவு மெகாபைட்டிலும் சொல்லப்படுவதால், இணைப்பு வேகத்தை எட்டால் வகுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 40 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட் வந்தால் இணைப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள், சேவை மையத்தை அழைக்க வேண்டியதில்லை.

இறக்கிய தொகுப்பை விரிக்கும்போது தற்காலிகமாகக் கூடுதல் இடம் தேவைப்படும். ஆகவே சொல்லப்பட்ட அளவைவிடப் பாதி அளவாவது அதிகமாகக் காலி இடம் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஸ்டீமின் அமைப்புகளில் புதுப்பிப்புகளை எந்த நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்று வரையறுக்கலாம், வேகத்துக்கு உச்சவரம்பும் வைக்கலாம். வீட்டில் வேறொருவர் இணைய வகுப்பிலோ அலுவலகக் கூட்டத்திலோ இருக்கும் நேரத்தில் வரம்பு வைக்காமல் இறக்கினால் அன்று வீட்டில் அமைதி இருக்காது. இணைய விளையாட்டுகளுக்கு அடிக்கடி புதுப்பிப்பு வரும் என்பதையும், ஒவ்வொன்றும் பல நூறு எம்பி முதல் சில ஜிபி வரை இருக்கக்கூடும் என்பதையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே வீட்டில் அல்லது விடுதியில் இருவர் ஒரே விளையாட்டை ஆட விரும்பினால், ஒருவர் இறக்கினால் போதும். 2023 முதல் ஸ்டீமில் ஒரே வைஃபையில் உள்ள ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு விளையாட்டை நேரடியாகப் பெறும் வசதி இருக்கிறது. அதற்கு இணைய டேட்டா செலவாகாது.

7. நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

இட்ச்சிலிருந்து இறக்கிய சிறு விளையாட்டுகளைத் திறக்கும்போது விண்டோஸ் நீலக் கட்டம் ஒன்றைக் காட்டித் தடுக்கலாம். சிறு படைப்பாளிகள் பணம் கட்டிக் கையொப்பச் சான்றிதழ் பெறாததால் வரும் எச்சரிக்கையாக அது இருக்கக்கூடும். உண்மையிலேயே கெட்ட கோப்பாகவும் இருக்கக்கூடும். கட்டத்தை உடனே கடந்து போகாமல், 650 எம்பிக்குள் இருக்கும் கோப்பாக இருந்தால் கோப்பில் வைரஸ் உண்டா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். பல கட்டற்ற திட்டங்கள் பதிவிறக்கப் பக்கத்திலேயே சரிபார்ப்பு எண்ணையும் வெளியிடுகின்றன. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் (Get-FileHash) கட்டளையைக் கொடுத்துக் கிடைக்கும் நீண்ட எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால், கோப்பு வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதியாகிறது.

ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்று எந்தக் குறிப்பு சொன்னாலும், அந்தக் கோப்பை அப்படியே அழித்துவிடுங்கள். பூட்டு உடைத்த பிரதிகளோடு வரும் குறிப்புகளில் இந்த வாக்கியம் தவறாமல் இருக்கும். காணொளியின் கீழே கொடுக்கப்படும் சுருக்க இணைப்புகள், கடவுச்சொல் போட்ட சுருக்கக் கோப்புகள் ஆகியவையும் இதே வகைதான்; வைரஸ் சோதனை உள்ளே புகக் கூடாது என்பதற்காகவே கடவுச்சொல் போடப்படுகிறது. அரட்டைச் செயலியான டிஸ்கார்டில் அறிமுகமானவரோ அறிமுகமானவரின் பெயரில் ஒருவரோ ‘நான் செய்த விளையாட்டைச் சோதித்துச் சொல்’ என்று கோப்பு அனுப்புவது, கணக்கைத் திருடும் பழைய உத்தி. உண்மையாகவே செய்தவராக இருந்தால் இட்ச் பக்கத்தைக் கேளுங்கள்.

வாலரன்ட் போன்ற சில போட்டி விளையாட்டுகள், ஏமாற்றுவோரைத் தடுக்க இயங்குதளத்தின் அடிமட்டம் வரை செல்லும் காவல் மென்பொருளையும் சேர்த்து நிறுவுகின்றன. அது கணினி தொடங்கும்போதே தானும் தொடங்கும். விண்டோஸ் 11-இல் அதற்கு டிபிஎம் 2.0 (TPM), செக்யூர் பூட் (Secure Boot) என்ற கணினியின் இரண்டு பாதுகாப்பு அம்சங்களும் இயக்கத்தில் இருக்க வேண்டும். இவற்றை மாற்ற, கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பகுதியான பயாஸுக்குள் போவதற்கு முன், வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் உங்கள் கணினியில் இயங்குகிறதா என்று பார்த்து அதன் மீட்புச் சாவியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் கணினி அந்தச் சாவியைக் கேட்டு நின்றுவிட வாய்ப்புண்டு. சாவி இல்லாவிட்டால் வட்டில் உள்ளவற்றை இழக்க நேரலாம். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் இத்தகைய விளையாட்டுகளை நிறுவவே கூடாது.

8. கைபேசியில் தேடுபவர்களுக்கு

பிளே ஸ்டோரில் விளையாட்டின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கும்: விளம்பரங்கள் உள்ளன, உள்ளே வாங்கும் வசதி உள்ளது. இரண்டும் இல்லாத விளையாட்டு கிடைத்தால் உடனே இறக்கிப் பாருங்கள். அப்படிப்பட்டவை கூட்டமாகக் கிடைக்கும் இடம் எஃப்-டிராய்ட் என்ற கட்டற்ற செயலிகளின் களஞ்சியம். ஒவ்வொரு முறையும் மாறும் நிலவறைக்குள் இறங்கும் ‘ஷாட்டர்டு பிக்சல் டஞ்சன்’, நாகரிகத்தை வளர்த்தெடுக்கும் ‘அன்சிவ்’ ஆகிய இரண்டும் அளவில் சிறியவை, இணையம் இல்லாமலும் ஓடுபவை. நீண்ட ரயில் பயணத்துக்கு இவை போதும். எஃப்-டிராய்டை நிறுவுவதற்கு உலாவிக்குக் கொடுத்த அனுமதியை வேலை முடிந்ததும் திரும்பப் பெற்றுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் ஏபிகே கோப்புகளை (ஆண்ட்ராய்டு செயலிகளின் நிறுவுகோப்புகளை) தொட வேண்டாம். இந்தியாவில் ஏதாவது ஒரு விளையாட்டு தடைசெய்யப்படும் போதெல்லாம் அதன் பெயரில் போலிக் கோப்புகள் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. டார்ச் விளக்குச் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் சந்தேகப்படுவதைப் போலவே, புதிர் விளையாட்டு குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டாலும் சந்தேகப்படுங்கள். ஓடிபி வருவது குறுஞ்செய்தியில்தான்.

9. பணம் நுழையும் இடங்கள்

இலவசமாகப் பதிவிறக்கலாம் என்று விளம்பரப்படுத்தப்படும் ரம்மி, பந்தயச் செயலிகள் இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வருபவை அல்ல. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியிருக்கிறது. அதையும் மீறி வரும் இணைப்புகளை அழுத்தாதீர்கள்.

பிள்ளைகள் ஆடும் கணக்கில் அட்டையையோ யுபிஐயையோ சேமித்து வைக்காதீர்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் உறுதிப்பாடு கேட்கும்படி அமைத்துவிடுங்கள். தவறுதலாக எதையாவது வாங்கிவிட்டால் பிளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் பணம் திரும்பக் கேட்பது எளிது. ஸ்டீமில் விலைக்கு வாங்கிய விளையாட்டை 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் திருப்பலாம். விளையாட்டுக்கு உள்ளே வாங்கிய பொருட்களுக்கு இந்த விதி எல்லா நிறுவனங்களிலும் பொருந்தாது. மோசடியில் பணம் போய்விட்டது என்றால் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் பணத்தை இடையில் நிறுத்தும் வாய்ப்பு இருக்கும்.

10. எப்போது பார்ப்பது

எபிக் கடையின் வாராந்திர இலவச விளையாட்டு வியாழக்கிழமை மாறும். அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 11 மணிக்கு மாறுவதால், இந்தியாவிலும் இலங்கையிலும் மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இரவு 8.30, மற்ற மாதங்களில் 9.30. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இரவு 11 மணி, மற்ற மாதங்களில் நள்ளிரவு 12 மணி. அடுத்த வியாழன் வரை அவகாசம் இருப்பதால் அடித்துப்பிடித்து ஓட வேண்டியதில்லை. வெள்ளி அல்லது சனிக்கிழமைக்குக் கைபேசியில் ஒரு நினைவூட்டல் வைத்துவிட்டால் போதும். கைபேசி உலாவியிலேயே உள்நுழைந்து, விலை பூஜ்ஜியம் என்று காட்டுகிறதா எனப் பார்த்து, ஆர்டரை உறுதிசெய்யலாம். அந்த நேரத்தில் எதையும் இறக்க வேண்டியதில்லை. இன்றைய கணினியால் தாங்க முடியாத பெரிய விளையாட்டாக இருந்தாலும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று ஆண்டுகள் கழித்து வேறு கணினி வாங்கும்போதும் அது உங்கள் கணக்கில் இருக்கும். 2020 மே மாதத்தில் ஜிடிஏ 5-ஐ இப்படி வெறுமனே பெற்று வைத்தவர்கள், அதன் பிறகு அதற்காகப் பணம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஜிஓஜியின் இலவச அறிவிப்புகளுக்கு நாள் நிச்சயமில்லை. கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளின்போது முகப்புப் பக்கத்தில் பலகையாக வரும், சில சமயம் இரண்டு மூன்று நாட்களே இருக்கும். எல்லாக் கடைகளின் அறிவிப்புகளையும் ஓரிடத்தில் பார்க்க ‘இஸ் தேர் எனி டீல்’ தளத்தில் மின்னஞ்சல் அறிவிப்பைப் பதிவு செய்துகொள்ளலாம். ஸ்டீமின் ‘நெக்ஸ்ட் ஃபெஸ்ட்’ ஆண்டுக்கு மூன்று முறை, பொதுவாகப் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில் ஒரு வாரம் நடக்கும்; வெளிவரவிருக்கும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளின் டெமோக்கள் அப்போது கிடைக்கும், அவற்றில் பல அந்த வாரத்தோடு எடுக்கப்பட்டுவிடும். டிசம்பர் கடைசி இரண்டு வாரங்களில் எபிக் வழக்கமாக வாரத்துக்கு ஒன்று என்பதை விட்டு நாளுக்கொன்றாகக் கொடுக்கும், ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேரமே அவகாசம். அந்த நாட்களுக்கு மட்டும் இரவு 9.30-க்குத் தினசரி நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.